அழித்ததாகச் சொன்ன வரி

முத்துப்பேச்சிக்கு எழுதத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்தை நினைத்துத்தான் அவளுக்குப் பயம்.

பயப்படாமல் என்ன செய்வாள்? போன வருஷம் யாரோ ஒரு மகராசி, கக்கூஸ் நாறுகிறது என்று துண்டுச்சீட்டில் எழுதிப் பனியன் கம்பெனியின் புகார்ப் பெட்டியில் போட்டாள். மறுநாளே அத்தனை பெண்களையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து லீவ் லெட்டர் எழுதச் சொன்னார்கள். லீவே கேட்காதவளுக்கு எதற்கு லீவ் லெட்டர்? அன்றைக்குச் சாயங்காலமே சந்தனம் என்கிற செக்கிங்காரி வேலையை விட்டு நின்றாள். நின்றாள் என்று கம்பெனி சொன்னது, நிறுத்தினார்கள் என்று நாம் சொல்லுவோம். சீட்டையும் லெட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் எழுதியது என்று தெரிந்துவிடாதா!

இந்தத் தடவை விஷயம் கக்கூஸ் இல்லை, உயிர். முத்துப்பேச்சிக்குக் கீழ்த்தளத்தில் வேலை. தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை, எண்ணெய்க்கறை கண்டுபிடிக்க வேண்டும். மகள் நதியாவுக்கு மூன்றாம் மாடியில் தையல். அந்த மாடியின் பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு. அதன் கம்பிக் கதவில் எந்நேரமும் பூட்டுத் தொங்கும். பீஸ் திருட்டுப் போகிறதாம், அதனால் பூட்டாம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் ஆடிட் சோதனைக்கு வருகிற அன்றைக்கு மட்டும் பூட்டு எங்கேயோ போய்விடும். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் வந்துவிடும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் அயர்ன் பெட்டியில் பொறி கிளம்பி வேஸ்ட் துணி மூட்டையில் பற்றிக்கொண்டது. முன்படியை மறித்துப் புகை. பெண்கள் அறுபது பேரும் பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டு. யாரோ குடிதண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து அணைத்தார்கள், அதனால் அன்றைக்குத் தப்பித்தார்கள். நதியா வீட்டுக்கு வந்தபோது ரெண்டு உள்ளங்கையும் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கிய கை. முத்துப்பேச்சி அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே பல்லைக் கடித்தாள்.

வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதானே, திருப்பூரில் கம்பெனிக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். அவள் புருஷன் குருசாமிக்கு ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். அவளுடைய இ.எஸ்.ஐ. கார்டில்தான் அந்த மனுஷன் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுக் கம்பெனியில் கார்டு கைக்கு வந்து உபயோகப்பட எத்தனை மாசம் ஆகுமோ, அதுவரைக்கும் அவர் தாங்குவாரா? ஆகவே ஆடிட்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுக் கதவும் திறக்க வேண்டும், தன் பெயரும் வெளியே தெரியக் கூடாது.

இதை அவள் சொல்லி அழுதது ரோஸ்மேரியிடம். வேறு யாரிடம் சொல்லுவாள்? இவள் சங்கரன்கோவில் பக்கம், அவள் சாத்தான்குளம் பக்கம். பதினோரு வருஷமாகச் செக்கிங் டேபிளில் பக்கத்துப் பக்கத்து இடம். அனுப்பர்பாளையத்தில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. ரோஸ்மேரி வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கும் முத்துப்பேச்சி வீட்டுப் பொங்கலும் யார் வீட்டில் செய்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாத அளவுக்குப் பழக்கம்.

"கையால எழுதுனாத்தானக்கா கண்டுபிடிப்பாவ? எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல வாயால சொல்லுங்க, அதுவே எழுதிரும்" என்றாள் ரோஸ்மேரி.

அவளிடம் கம்ப்யூட்டர் இருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கியது. நின்றுகொண்டே வேலை பார்த்து அவள் கால் நரம்பெல்லாம் கயிறாகச் சுருண்டிருந்தது. எப்படியாவது கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குள் ஒரு நாற்காலி பிடித்துவிட வேண்டும் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு ரோஸ்மேரி மைக்கை மாட்டினாள். முத்துப்பேச்சி திரையைப் பார்த்து, கண்மாய்க்கு அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினாள்: "ஐயா! வணக்கம்!"

"மெதுவாச் சொன்னாப் போதும்க்கா. அதுக்கு நல்லாக் காது கேக்கும்."

சொல்லச் சொல்ல எழுத்து வந்து விழுந்தது. ஆத்தாடி, என்ன வேகம்! இடையில் அவள் தும்மியதைத் தவிர வாயில் வந்ததையெல்லாம் எழுதியது. "சீ, பூனைக் கழுத" என்று அடுப்படிப் பக்கம் விரட்டியதையும் ஆடிட் ஐயாமாருக்கு எழுதிவைத்தது. சிலதைத் தப்பாகப் போட்டது, ரோஸ்மேரி திருத்தினாள். பூட்டு, புகை, அறுபது பெண்கள், குடிதண்ணீர் டிரம் என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, அழுகை முட்டி, வாய் தவறிவிட்டது.

"எம் மக நதியா கையப் பாத்தியள்னா உங்களுக்கே பொறுக்காது. ஐயையோ! ஏட்டி ரோசு, பேரச் சொல்லிட்டேனே. அத அழி, அழி. தெரிஞ்சா எங்க கார்டு போயிரும்ட்டி."

கம்ப்யூட்டர் அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதி முடித்து, இன்னும் ஏதாவது உண்டா என்று காத்திருந்தது. ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முத்துப்பேச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டுப் பார்த்தபோது ரோஸ்மேரி அந்த வரிகளை அழித்துக்கொண்டிருந்தாள்.

அச்செடுத்த சுத்தமான கடிதத்தைத் திங்கட்கிழமை காலையில் முத்துப்பேச்சி தன் கையாலேயே பெட்டியில் போட்டாள். ஆடிட் வியாழக்கிழமை. பெட்டியின் சாவி இனிமேல் ஆடிட்காரர்களிடம் மட்டும்தான் இருக்கும் என்று சுவரில் புதிதாக எழுதியே ஒட்டியிருந்தார்கள். அதை நம்பினாள் பாருங்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் மகுடேஸ்வரன் கூப்பிட்டு அனுப்பினார். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் நிறுத்துவார்.

"வாங்க முத்துப்பேச்சி, உக்காருங்க. டீ சாப்புடறீங்களா? பயப்படாதீங்க, கம்பெனி நம்ம ஊடு மாதிரிங்க. இந்த லெட்டரு நீங்க எழுதுனதுங்களா?"

மேஜையில் அவள் போட்ட கடிதம் கிடந்தது. இல்லை என்றுதான் முதலில் சொன்னாள். அவர் கோபப்படவே இல்லை. நீங்கதான்னு தெரியுமுங்க, கூட யாருன்னு மட்டும் சொல்லுங்க என்றார். தான் மாட்டியாயிற்று, இனி ரோஸ்மேரியாவது தப்பிக்கட்டும் என்று முத்துப்பேச்சி ஒரே நொடியில் முடிவு செய்தாள். பாவம், அவளுக்கும் இப்போதுதான் பையன் காலேஜ் சேர்ந்திருக்கிறான்.

"கூட யாருமில்ல சார். நான் மட்டுந்தான். இங்க ராயபுரத்துல ஒரு கடையில சொல்லி டைப் அடிச்சேன்."

"நெசமாலுங்களா?"

"எம் மக மேல சத்தியம் சார்."

மகுடேஸ்வரன் பெருமூச்சு விட்டார். அவள் பேரில் அவருக்கு இரக்கமே வந்துவிட்டது போலிருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதில் பூனைக் கழுதை இருந்தது. நதியாவின் கை இருந்தது. அதற்குக் கீழே: ஏட்டி ரோசு பேரச் சொல்லிட்டேனே அத அழி அழி தெரிஞ்சா எங்க கார்டு போயிரும்ட்டி.

முத்துப்பேச்சி அதை ஒருதரம் படித்தாள். மறுபடியும் படித்தாள். அவளுடைய சொந்தக் குரல் காகிதத்தில் கிடந்து கெஞ்சிக்கொண்டிருந்தது. யாரைக் காப்பாற்றுவதற்காகப் பெற்ற மகள் மேல் பொய்ச் சத்தியம் செய்தாளோ, அவள்தான் இதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

"நாளைக்கு ஆடிட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள இந்த இன்னொரு தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. பின்கதவு எப்பவும் தொறந்துதான் இருக்குது, தெரியாம எழுதிட்டேன்னு போட்டிருக்குதுங்க. இல்லீன்னா உங்களையும் உங்க புள்ளையையும் வேலைய விட்டு அனுப்பற மாதிரி ஆயிருமுங்க. ஊட்டுக்காரரு ஒடம்பையும் பாக்கணுமில்லீங்களா?"

சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்மேரியின் கையைப் பிடித்துச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கத்தான் நினைத்தாள். கை எழவில்லை.

"அந்த வரிய நீ அழிச்சத என் கண்ணால பாத்தேனேட்டி?"

"அழிக்கதுக்கு முன்னால ஒரு காப்பி எடுத்து வச்சிட்டேன்க்கா."

"எப்ப எடுத்த?"

ரோஸ்மேரி பக்கத்திலிருந்த சைக்கிளின் பெல்லைத் துடைத்தாள்.

"சிரிச்சோமே, அப்பவா?"

"அப்பத்தான்."

எதிரி செய்தால் எதிரி என்று விட்டுவிடலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடச் சிரித்தவள், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளா இந்த வேலை பார்ப்பாள்?

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேட்டி, பாவி! நீ நல்லாருப்பியா? நான் அங்க உன்னக் காட்டிக் குடுக்காம எம் பிள்ள தலையில சத்தியம் பண்ணிட்டு வாறேன்."

ரோஸ்மேரி அழுதாள். பொய் அழுகை என்று சொல்ல முடியாது. "முழுசாக் கேளுங்கக்கா. மேனேஜரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேல தாறேன்னாரு. எங் காலப் பாத்திருக்கியள்லா? இன்னும் ஒரு வருசம் நின்னா வெட்டித்தான் எடுக்கணும். ஆனா நான் அதோட விடல. நதியாவக் கீழ எறக்குனாத்தான் காப்பியத் தருவேன்னேன். என் ஏசு சாமி மேல ஆணையாச் சொல்லுதேன். அந்தப் பிள்ளைய நானும் மடியில போட்டு வளத்தவதானக்கா. இன்னைக்கே எறக்கிட்டாவ. ஒங்க வேலையும் போவாது, கார்டும் போவாது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டதும் முத்துப்பேச்சியின் நெஞ்சில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. ரெண்டு மாசமாகக் கரண்ட் போகும்போதெல்லாம், எங்கேயாவது தீய்ந்த வாடை வரும்போதெல்லாம் மேலே அண்ணாந்து பார்த்துப் பதறிய உடம்பு, அவளைக் கேட்காமலே இளகிக் கொடுத்துவிட்டது. அது அவளுக்கே தெரிந்தது. ரோஸ்மேரிக்கும் தெரிந்துவிட்டதோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து நதியா தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"எம்மா! என்னயப் பேக்கிங்குக்கு மாத்திட்டாவ! கீழயே இருக்கலாம். நீ யார்ட்டயும் சொன்னியா?"

"உன் மிஷின்ல யாரு இருக்கா?"

"ஒடிசாப் பிள்ள ஒண்ணு. போன வாரந்தான் வந்துச்சு. என்னயவிடச் சின்னது. பாவம், ஒரு வார்த்த தமிழ் தெரியல. பாத்ரூம் எங்கன்னு கேக்கக் கூட கையக் காட்டுது."

பின்கதவை ஒட்டிய கடைசி மிஷின் அது. முத்துப்பேச்சி ரோஸ்மேரியைப் பார்த்தாள். ரோஸ்மேரி செருப்பைப் பார்த்தாள். "அதுக்கும் ஒரு ஆத்தா இருப்பால்லாட்டி" என்று சொல்ல வாயெடுத்தாள் முத்துப்பேச்சி. நதியா தூக்குவாளியைத் திறந்து, "எம்மா, பசிக்கு, வா" என்றாள். முத்துப்பேச்சி அதைச் சொல்லாமலே மகள் பின்னால் சாப்பிடப் போனாள்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் எத்தனை பீஸ் பார்த்தாள், எதில் ஓட்டை இருந்தது, ஒன்றும் தெரியாது. கையெழுத்துப் போடக் கூடாது என்று பத்துத் தடவை தீர்மானம் செய்தாள். பத்துத் தடவையும் குருசாமியின் வீங்கிய முகம் வந்து நின்றது. ஐந்தரை மணிக்கு ஆபீசுக்குப் போனாள். மகுடேஸ்வரன் பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். பின்கதவு எப்பவும் திறந்துதான் இருக்கிறது என்பதற்குக் கீழே முத்து முத்தாக அவள் கையெழுத்து விழுந்தது.

"ரொம்ப சந்தோசமுங்க" என்றார் அவர்.

வேலை விட்டு வெளியே வந்தபோது ரோஸ்மேரி கேட்டருகே காத்திருந்தாள், வழக்கம்போல ரெண்டு பேருமாகப் பஸ்ஸுக்கு நடக்க. "போட்டுட்டியளாக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஊரில் கற்ற கெட்ட வார்த்தை அத்தனையும் முத்துப்பேச்சியின் நாக்கு நுனிக்கு வந்தது. மூன்றாம் மாடியில் இன்னும் லைட் எரிந்துகொண்டிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட். காட்டிக்கொடுத்தவளே, கழுத்தறுத்தவளே, உன் மகனுக்கு இப்படி நடந்தால் தெரியும் என்று எதைச் சொல்ல எடுத்தாலும், அதையே திருப்பித் தன்னைக் கேட்க அந்த மாடியில் நதியாவின் மிஷினில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பட்டது. அவளுக்கென்று மிச்சமிருந்தது கோபம் ஒன்றுதான். ரோஸ்மேரி அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

"போட்டுட்டேன்" என்றாள் முத்துப்பேச்சி. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்கள்.