சாலையைத் தொடாத சக்கரம்

"பதினெட்டு மைலு அறுவடை மெஷின ஓட்டிட்டு வந்தேன். ஒரு ரோட்டுலகூடச் சக்கரம் படல," என்றார் ஒரெஸ்ட், காபியை உறிஞ்சியபடி.

கூட்டுறவுக் கடையின் பத்து மணிக் காபி மேசையில் இது தினசரித் தோத்திரம்.

"நடுவுல பதினேழு ரோடு குறுக்க போகுதே. பாய் மாதிரி சுருட்டி வச்சிருந்தாங்களோ?" என்றார் லைல். இருபது வருடம் டீசல் டேங்குகளில் குச்சி விட்டுப் பார்த்த ஆய்வாளர். போன வெள்ளிக்கிழமைதான் ஓய்வு பெற்றார்.

ஒரெஸ்ட் கண்ணை மூடினார். அந்த மாலை அப்படியே வந்து நின்றது.

கார்பன் வரி வந்து சாலை டீசல் விலை ஏறிய முதல் அறுவடைக் காலம். வயல் டீசலுக்கு அந்த வரி கிடையாது. அடையாளத்துக்கு ஊதாச் சாயம் கலந்திருக்கும். அதை ஊற்றிக்கொண்டு எந்த வண்டி சாலையேறினாலும் அபராதம். அன்று பார்த்து ஒரெஸ்டின் கை, பழக்க தோஷத்தில், பண்ணைத் தொட்டிக் குழாயை எடுத்துப் பிக்கப் வண்டியில் செருகிவிட்டது. டேங்க் முழுக்க ஊதா. ஊர் எல்லையிலோ லைல், குச்சியோடு!

தேவாலயக் கூடத்தில் அறுவடை விருந்து. அங்கே பெரோகிக் கொழுக்கட்டை பரிமாறும் ஆல்வினா, விடிந்ததும் தங்கையோடு கடற்கரைப் பக்கம் குடிபோகிறாள். ஏழு வருடமாகக் கேட்க நினைத்ததை அன்றே கேட்டால்தான் உண்டு.

வயல் இயந்திரம் வயல் வழியே போனால் யார் கேட்பது? கிளம்பிவிட்டார். அறுத்த தாள்களின்மேல் மூடுபனி பாலாய்ப் பொங்கியது. இயந்திரம் கப்பலாகி மிதந்தது. காட்டு வாத்துகள் அண்ணாந்து பார்த்து ஒதுங்கி வழிவிட்டன. சாலை குறுக்கிட்ட போதெல்லாம் பனி இயந்திரத்தை ஒரு முழம் தூக்கி, தூங்கும் குழந்தையைத் தொட்டில் மாற்றுவதுபோல், அடுத்த வயலில் இறக்கியது.

"அப்புறம் நிலாவுல டீசல் போட்டியா?" என்றார் லைல்.

பக்கத்தில் இருந்த ஆல்வினா கோப்பையை வைத்தாள். "லைல், கூடத்து வாசல் ரோட்டுல இவர மறிச்சது நீதான? இப்பவாவது சொல்லு. இந்த மனுஷன் அன்னிக்கு வரலைன்னா, நான் இவருக்குப் பொண்டாட்டியா ஆகியிருக்க மாட்டேன். கடலப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

லைல் காபிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"குச்சி விட்டேன். ஊதாதான். அபராத நோட்டையும் எடுத்தேன். எழுதணும்னா வண்டி ரோட்டுல நிக்கணுமே? டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பாத்தேன்." குரல் இறங்கியது. "எந்தப் படிவத்துலயும் அத எழுத இடமில்ல. வேலையில இருந்தவரைக்கும் வாயத் தொறக்க முடியல. நாலு சக்கரத்துக்கும் அடியில வெறும் பனிதான்டா இருந்துச்சு."