ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை

1971 ஆடி மாதம். சுகாதார அலுவலகத்தில் சேர்ந்து மூன்றே மாதமான தெரசாவைப் பொம்மிடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு அனுப்பினார்கள். நூற்றுப் பத்து வீடு. கடந்த பதினைந்து நாளுக்குள் யாருக்கெல்லாம் காய்ச்சல் வந்தது என்று கேட்டு எழுதிவர வேண்டும்.

ஒருவருக்கும் வரவில்லை.

"எங்க வூட்ல எல்லாரும் கல்லு மாதிரி இருக்கறோங்க" என்றாள் நஞ்சம்மாள்.

உள்ளே யாரோ முனகும் சத்தம் கேட்டது.

"அது யாருங்க?"

"பூனைங்க."

போன வருஷம் காய்ச்சல் என்று சொன்னவர்களுக்கெல்லாம் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள். தெரசாவுக்கு அது தெரியாது. எல்லா வீட்டுக்கும் பூஜ்யம் போட்டு, தாளை அதிகாரி மாதையனிடம் கொடுத்தாள்.

"ஒருத்தருக்குக் கூட இல்லியா? அப்ப ஆஸ்பத்திரிய மூடிட்டு எல்லாரும் அங்கயே குடிபோயிரலாம். திரும்பப் போய் எழுதிட்டு வாம்மா."

இரண்டாம் தடவை அவள் போவதற்குள், காய்ச்சல்காரர்களுக்குப் பால் பவுடர் தரப்போகிறார்கள் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். இந்தத் தடவை நூற்று நாற்பத்து மூன்று பேருக்குக் காய்ச்சல். நஞ்சம்மாள் வீட்டில் பூனையைத் தவிர எல்லோருக்கும்.

பொழுது சாயும் நேரம், நொந்துபோய் பஸ்ஸுக்கு நின்றாள். எதிரே பள்ளிவாசல். வாசலில் இடுப்பில் பிள்ளையும் கையில் தண்ணீர்ச் சொம்புமாகப் பெண்கள் காத்திருந்தார்கள், நடுவே ஓரிரு ஆண்களும். தொழுகை நடத்தி முடித்து வந்த அஜரத் ஹயாத் பாஷா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓதி ஊதினார். வரிசையில் நஞ்சம்மாளும், தோளில் துவண்டு கிடந்த அவள் மகளும்.

தெரசா பஸ்ஸை விட்டுவிட்டாள்.

"தினமும் இத்தன பேரு வர்றாங்களா, அஜரத்?"

"இந்த மாசம் ஜாஸ்திம்மா. ஆனா எல்லாத்தையும் காய்ச்சல்னு எழுதிராதீங்க. அந்தத் துண்டுக்காரரு மாடு கறக்கலைன்னு வந்திருக்காரு. அந்தம்மா, புருஷன் சாராயத்த வுடணும்னு. இந்தப் புள்ள நாயப் பாத்து பயந்துக்கிச்சு."

நான்கு சாயங்காலம் அங்கேயே நின்று, அவரைக் கேட்டுக் கேட்டு மாட்டையும் சாராயத்தையும் நாயையும் தாளிலிருந்து அடித்துவிட்டாள். பதினாறு மிஞ்சியது. மறுநாள் வீடுகளுக்குப் போய், "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்கவில்லை. "பாப்பாவுக்கு அன்னிக்கு ஊதினாங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்றாள். எத்தனை நாள், என்ன சாப்பிட்டது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று எல்லாமே வந்தது. பள்ளிவாசலுக்குப் போகாத மூன்று பேரை அண்டை வீட்டார் காட்டிக்கொடுத்தார்கள். ஆகப் பத்தொன்பது. அதில் பதினெட்டுப் பேர் குடித்தது கிழக்குக் கிணற்றுத் தண்ணீர்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, போன வருஷம் மாதிரி ஊசி குத்துவீங்கன்னு பயந்துட்டன்" என்றாள் நஞ்சம்மாள்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். நாற்றத்துக்காக ஊரே தெரசாவைத் திட்டியது. டாக்டர் வந்து பார்த்தார். ஒரு மாதத்துக்குள் பத்தொன்பது பேரும் எழுந்து நடமாடினார்கள்.

மெட்ராஸுக்குப் போன அறிக்கையில் மட்டும் ஐம்பத்து நான்கு என்று இருந்தது. தெரசா குமாஸ்தா ராஜாமணியிடம் ஓடினாள்.

"பூஜ்யம், நூத்தி நாப்பத்தி மூணு, பத்தொம்பது. மூணும் நீங்க எழுதிக் குடுத்ததுதானே? எத வுடறதுன்னு தெரியல. கூட்டி மூணால வகுத்துட்டேன்" என்றார் அவர், சமர்த்தாக.

அவளுக்கு அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டு வரை அழுதாள். அங்கே நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

அடுத்த வாரம் வேறு ஊர். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தாளை எடுக்கவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டாள்: "இந்த ஊர்ல ஒடம்பு சரியில்லைன்னா மொதல்ல யார்ட்டங்க போவீங்க?"