மெல்லும் சத்தம்

எல்லாரும் பம்பரம் என்று கூப்பிடும் பையன் அடங்கிவிட்டான் என்று பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கால் தரையில் பாவாத பிள்ளை அவன். சோபாவின் முதுகில் நடப்பான். வகுப்பில் பெஞ்சுக்கு மேலே இருக்கும் நேரத்தைவிட அடியில் இருக்கும் நேரம் அதிகம். கவனம் நிற்காத இந்தத் துறுதுறுப்புக்கு ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் பெயர் சொல்லி, மாத்திரை ஆரம்பித்த பிறகு கொஞ்சம் உட்கார்ந்தான். அப்போதும் உட்கார்ந்த இடத்திலேயே சுற்றினான்.

அக்கா போன பிறகுதான் இப்படி அடங்கிப்போனான். தம்பியின் ஆட்டபாட்டத்துக்கு நடுவே சத்தமில்லாமல் படித்து, சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்தவள், பள்ளிப்படிப்பு முடியும் முன்பே ஒருநாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். "உங்க பொண்ணு இருக்கிற இடமே தெரியாது" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். எல்லாரும் பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

போன வாரம் வகுப்பு டீச்சர் போனில் அழைத்தார். "பையன் ரொம்ப மாறிட்டான்மா. இருக்கிற இடமே தெரியல." அம்மா அந்த அழைப்பை வைத்ததும், மாத்திரை தரும் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து நேரம் வாங்கினாள்.

வீட்டில் அவன் குழாயைத் திறந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் பக்கவாட்டில் வழியும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தான். நாற்காலிக் கால்களுக்கு அடியில் பழைய துணியைச் செருகினான். டிவியில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். பல நேரம் அக்காவின் சாத்திய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி.

"மருந்து இப்பத்தான் ஒழுங்கா வேலை செய்யுது. நல்லதையும் ஏன் சந்தேகப்படுற?" என்றார் அப்பா.

"இவன்கிட்ட யாராவது கேக்கணுங்க."

"என்னத்த கேக்கணும்? அந்தப் பேச்சே வேண்டாம். சின்னப் பிள்ளை. கேட்டா நினைப்பு வந்துடும்."

உறவுக்காரர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அக்கா எப்படிப் போனாள் என்பது அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடாத விஷயமானது. பிறகு அவளுடைய பெயரும் அப்படியே ஆனது.

கிளினிக்கில் நர்ஸ் வழக்கம்போல வரவேற்றாள். "வாங்க பம்பரம் சார். இன்னைக்கு எதை உடைக்கிறதா உத்தேசம்? சொல்லிட்டா நானே எடுத்து வெச்சிடுவேன்."

அவன் செருப்பைக் கையால் கழற்றி வைத்துவிட்டு எடைமேடையில் ஏறி அசையாமல் நின்றான். இதே மேடையில் அவனை நிற்க வைக்க முன்பெல்லாம் இரண்டு பேர் வேண்டும். நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இளைச்சிருக்கியே ராஜா. மாத்திரை பசியைக் கொல்லுதா?"

"பசிக்குது. மெல்லும்போது சத்தம் வருது."

சிரிக்க வாய் திறந்த நர்ஸ் சிரிக்கவில்லை. நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள்.

டாக்டரம்மா குழந்தைகளிடம் தனியாகப் பேசுகிறவர். "அம்மா இருக்கட்டுமா, வெளிய உக்காரட்டுமா?" என்று அவனையே கேட்டார்.

"இருக்கட்டும்," என்றான், காதில் விழாத குரலில்.

"யாருக்காக இவ்வளவு மெதுவாப் பேசுற?"

"அக்காவுக்கு." விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ போன அன்னைக்கு லீவு. தலை வலிக்குதுடா, சத்தம் போடாதடான்னா. நான் பந்தை அவ சுவத்துல அடிச்சேன். அவ கத்துனா. நான் இன்னும் அடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ கத்தவே இல்ல. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன்."

அம்மா அன்று வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் பந்தைப் பற்றி அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

"பந்துச் சத்தத்தால யாரும் சாக மாட்டாங்க கண்ணா. அக்காவுக்கு மனசுக்குள்ள ஒரு நோய் இருந்திருக்கு. நீங்க இங்க வரும்போதெல்லாம் உன் பையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருப்பா. எனக்கும் தெரியல."

அவன் தலையை ஆட்டினான். நம்பவில்லை என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது.

டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்தார். "ஒண்ணு கேக்குறேன். எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் கேக்குறதுதான். செத்துப்போயிடணும்னு உனக்கு எப்பவாவது தோணுதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் காதில் விழுந்ததும் அவள் கை தானாக எழுந்து அவன் காதைப் பொத்தப் போனது. கேட்டா நினைப்பு வந்துடும். அவன் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தான். இதைச் சொல்லலாமா என்று அவளிடம்தான் கேட்டான், கண்ணால்.

அவள் கையை மடியில் இறக்கினாள். "சொல்லுடா. எதுவா இருந்தாலும் நான் கேக்குறேன்."

"சில நேரம்," என்றான். "அக்கா கதவுகிட்ட நிக்கும்போது."

டாக்டரம்மாவின் முகம் மாறவில்லை. "எப்படின்னு யோசிச்சியா?"

"இல்ல. சாரி சொல்லணும். அவ இங்க இல்லையே, எங்க போய்ச் சொல்றது?"

அவனுடைய தோள் குலுங்கியது. அழுகையிலும் சத்தம் வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டான். அம்மா அவனை இழுத்து அணைத்தாள். அவனுடைய முழு எடையும் அவள்மீது விழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்பா வந்திருக்காரா?" என்றார் டாக்டரம்மா. "வீட்டுல என்ன மாத்தணும், யார் எப்பவும் கூட இருக்கணும்னு இப்பவே பேசணும். ரெண்டு பேரும் வேணும்."

அவனை நர்ஸிடம் விடாமல், இடுப்பில் சாய்த்தபடியே அம்மா கதவைத் திறந்தாள். கிளினிக் கூடத்தில் காத்திருந்த அப்பா வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முடிஞ்சுதா?"

"இல்லங்க. உள்ள வாங்க," என்றாள், கூடமே திரும்பிப் பார்க்கும் குரலில். "பையன் பேசுறான்."