கொடுத்த பிள்ளை

மெல்பேர்னுக்கு வெளியே வெரிபீ பக்கத்துப் பண்ணையில் உயிரோடு வாங்கி வந்த கோழிகளைக் கொல்லையில் வைத்துத் தன் கையாலேயே அறுத்து முடித்துவிட்டு, குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே ஜபருல்லா செய்தியைச் சொன்னார். கம்பெனி அவரை ஜகார்த்தாவுக்கு மாற்றிவிட்டது.

சபுரா பதறவில்லை. நாகூரில் நிக்காஹ் முடிந்து பினாங்குக்குப் போனவள், பிறகு சிங்கப்பூர், பாங்காக், இப்போது மெல்பேர்ன் என்று அவர் கம்பெனியின் குளிர்பதன இயந்திரங்கள் போன இடமெல்லாம் போயிருக்கிறாள். எந்தப் பீங்கானை எந்தத் துணியில் சுற்றினால் உடையாது என்பது அவளுக்கு மனப்பாடம். இல்யாஸின் பள்ளிக்கூடத்தில் எப்போது சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"இல்யாஸ் ஜகார்த்தாவுக்கு வரலை. முதல்ல பினாங்கு போய் அவனை விட்டுட்டுத்தான் நாம ஜகார்த்தா போறோம்" என்றார். "நானா கேட்டுட்டாரு."

நானா என்று அவர் சொன்னது தன் அண்ணன் அப்துல் வகாபை. சபுராவுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று தெரிந்தபோது, நாற்பது நாள் குழந்தையாக இருந்த தன் இரண்டாவது மகனைத் தூக்கி அவள் மடியில் போட்டவர் அந்த வகாப்தான். ஏழு வருஷமாக இல்யாஸுக்கு சபுராதான் உம்மா, ஜபருல்லாதான் வாப்பா. வேறு விதமாக அவனுக்கு யாரும் சொன்னதில்லை. போன ரமலானில் வகாபின் மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டு மௌத்தானான். இனி அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை.

"குடுத்த புள்ளையத் திருப்பிக் கேக்குறதாங்க?" என்றாள் சபுரா.

"அவன் அவரு புள்ளை. பாஸ்போர்ட்ல என்ன பேரு இருக்கு? இல்யாஸ் பின் அப்துல் வகாப். மார்க்கத்துல தத்துன்னு ஒண்ணு கிடையாது, உனக்குத் தெரியாதா?"

"நான்தானே வளர்த்தேன்?"

"வளர்த்தே. பால் குடுக்கலையே. குடுத்திருந்தாத்தான் மார்க்கத்துல உம்மா முறை. நாளைக்கு அவன் பெரியவனாயிட்டா, அவன் முன்னால தலையில துணி இல்லாம நிக்கக்கூட உனக்கு ஆகாது. அன்னிக்கு அழுறதை இன்னிக்கே அழுதுடு."

இதைச் சொல்லிவிட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்ன மாதிரிதான் சொன்னார்.

சபுரா காலில் விழுந்தாள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பினாங்குக்கு டிரங்க் கால் போட்டு, இல்யாஸைப் பெற்ற பல்கீஸிடமே பேசினாள். பல்கீஸும் அழுதாள். ஆனால் அழுதபடியே சொன்னாள்:

"அவன் இங்க வந்து உம்மா உம்மான்னு உன்னையே தேடினா என் வயிறு எப்படி எரியும் சொல்லு. பெத்தவ நான் இருக்கேன். இப்பவே கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கி வச்சுப் பழக்கு, சபுரா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பேச்சு சபுராவின் மனதில் தைத்து நின்றது. பாங்காக்கை விட்டுக் கிளம்பியபோது, இல்யாஸைத் தூக்கி வளர்த்த சோம்ஜாய் என்ற வேலைக்காரப் பெண்ணை அங்கேயே விட்டு வந்தார்கள். அவனுக்கு அப்போது மூன்று வயது. மெல்பேர்ன் வந்ததும் அவள் பேரையே சொல்லி அழுது, சோறு இறங்காமல், காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தது அல்லாவின் கருணை. ஒரு வேலைக்காரிக்கே அப்படி என்றால் உம்மாவுக்கு என்ன ஆவான்? அவன் பிழைக்க வேண்டுமானால் தன்னைத் தேடக் கூடாது. தேடாமலிருக்க வேண்டுமானால் தன்னை வெறுக்க வேண்டும். சபுரா அப்படித்தான் யோசித்தாள். யோசனை சொல்ல அவளுக்கு வேறு யாருமில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவனை நிற்க வைத்துச் சொன்னாள்: "நான் உன் உம்மா இல்லை. உன் உம்மா பினாங்குல இருக்கா. நான் சாச்சி, சின்னம்மா. இனிமே சாச்சின்னுதான் கூப்பிடணும்."

இல்யாஸ் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான். "ஓகே, சாச்சி" என்று குரலை மாற்றிச் சொல்லிவிட்டு, "உம்மா, பசிக்குது" என்றான். சபுரா அவன் கன்னத்தில் அறைந்தாள்.

அதுவரை அவனை யாரும் அடித்ததில்லை. அவன் அழக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி நின்றான். சபுரா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துண்டை வாயில் அடைத்து அழுதாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் எதையாவது செய்தாள். உம்மா என்று கூப்பிட்டால் திரும்பவில்லை. அவன் பக்கத்தில் படுப்பதை நிறுத்தினாள். பயத்தில் அவன் படுக்கையை நனைக்கத் தொடங்கியபோது, ஈரத் துணியை அவன் கையிலேயே கொடுத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்க முன்வாசல் வேலியில் காயப்போடச் சொன்னாள். அவர்கள் இருந்த கிளேட்டன் பகுதியில் வீடுகளின் கொல்லையில் குப்பை எரிக்கச் செங்கல்லில் கட்டிய அடுப்பு ஒன்று இருக்கும். சுவிங்கம் பாக்கெட்டோடு வருகிற ஃபுட்பால் அட்டைகளை அவன் வருஷக்கணக்காகச் சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தான். அதை அந்த அடுப்பில் அவன் கண்ணெதிரே கொட்டினாள். "பினாங்குக்கு இதெல்லாம் தூக்கிட்டுப் போக முடியாது" என்றாள். அவன் எரிகிற அட்டையில் கையை விட்டான். கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கையிலேயே அடித்தாள்.

பக்கத்து வீட்டில் யோகா இருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. அவள் புருஷன் கதிர்காமநாதன் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். வேலிக்கு மேலாக அவள் இதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன சபுரா இது? நானும் கன நாளாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். தவமிருந்து வளத்த பிள்ளை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"உங்க வேலையப் பாருங்க" என்றாள் சபுரா.

"அவன்ரை முகத்தைப் பாருங்கோ ஒருக்கா. ஏதும் பிரச்சினை எண்டா என்னட்டைச் சொல்லுங்கோவன்."

சபுரா உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்தினாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுகை வந்துவிடும், அழுதால் எல்லாம் கலைந்துவிடும் என்று பயந்தாள். அது மட்டுமல்ல. அட்டைகளை எரித்தபோது தனக்கு அழுகை வரவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். கை தானாக எழப் பழகிவிட்டிருந்தது. அவன் காதும் நெற்றியும் அச்சாக பல்கீஸுடையவை. அந்த முகத்தில் அறைகிறபோது நெஞ்சுக்குள் எங்கோ ஒரு மூலையில் குளிர்ந்தது. அதை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது. ஆனாலும் மறுநாள் அடித்தாள்.

ஜபருல்லாவுக்குத் தெரியாமலில்லை. ஒருமுறை பையனின் முழங்கையில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு, "பாத்து, நானா வீட்டுல ஏதாவது கேக்கப் போறாங்க" என்றார். அவ்வளவுதான்.

குளிர் வலுத்தபோது சபுரா நினைத்தது நடந்துவிட்டது. இல்யாஸ் அவள் இருக்கிற அறைக்கு வருவதை நிறுத்தினான். யாரும் நினைவுபடுத்தாமலேயே சாச்சி என்றான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஜபருல்லாவிடம் இங்கிலீஷில் கேட்டான், பினாங்குக்கு எப்போது போகிறோம், அங்கே இருக்கிற என் உண்மையான உம்மா அடிப்பார்களா என்று.

"அடிக்க மாட்டாங்க" என்றார் அவர்.

"அப்போ நாளைக்கே போலாமா?"

சபுரா எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். ஜெயித்துவிட்டோம் என்று தன்னிடம் சொல்லிக்கொண்டாள்.

சாமான்களைக் கப்பலுக்கு ஏற்றிவிட்டு, வெறும் வீட்டில் பாயும் கெட்டிலுமாக அவர்கள் இருந்தபோது பினாங்கிலிருந்து ஃபோன் வந்தது. வகாப் தம்பியோடு வெகுநேரம் பேசினார். ஜபருல்லா "சரி நானா, சரி நானா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோனை வைத்துவிட்டுச் சபுராவைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் துஆ பலிச்சுடுச்சு போ. பல்கீஸ் மச்சி முழுகாம இருக்காங்களாம். ஆம்பளப் புள்ளைதான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாராம். குடுத்ததைத் திரும்ப வாங்கினா வயித்துல இருக்கிறதுக்கு ஆகாதுன்னு பயப்படுறாங்க. இல்யாஸை நீயே வச்சுக்கச் சொல்லிட்டாரு நானா."

சபுரா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, சந்தோஷத்துல பேச்சு வரலையா?" என்றார்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினாள். இல்யாஸ் மற்றப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டே வந்தான். அவளைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது. அவள் குனிந்து கையை நீட்டியபோது இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"நான் ஒண்ணும் பண்ணலை, சாச்சி."

"உம்மாடா. நான் உம்மாதான்டா. அது... அது சும்மா சொன்னது, கண்ணு. நீ எங்கயும் போக வேணாம். நம்மகூடத்தான் ஜகார்த்தா வரப் போறே."

இல்யாஸ் முகத்திலிருந்து கையை எடுத்தான். "பினாங்கு இல்லையா?"

"இல்லை. அவங்க... அவங்க வேணாம்னுட்டாங்க."

"அவங்களுக்கும் நான் வேணாமா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து நெய்ச்சோறு ஆக்கிப் போட்டாள். அவன் தட்டைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு தின்றான். போதுமா என்று கேட்டதற்குப் போதும் என்றான். இன்னும் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டும் என்றான். எந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

கிளம்புகிற காலையில் டாக்சி வந்து நின்றபோது அவனைக் காணவில்லை. யோகாதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"எங்கடை உடுப்புத் தோய்க்கிற லோன்றிக்குள்ள ஒளிச்சிருந்தவன். தான் சத்தம் போடாமல் இருப்பானாம், கொஞ்சமாத்தான் சாப்பிடுவானாம், அதுக்குள்ளேயே இருக்கட்டோ எண்டு கேக்கிறான். நான் என்னெண்டு சொல்லுறது, சபுரா?"

சபுரா அவனைத் தூக்கினாள். அவன் திமிறினான், அவள் தோளைக் கடித்தான், இங்கிலீஷில் ஏதோ கத்தினான். டாக்சிக்காரன் இறங்கி நின்று பார்த்தான். எதிர்வீட்டுக் கிழவர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார். சபுராவின் கை எழுந்தது. அவளுக்கே தெரியாமல் எழுந்து, பளாரென்று அவன் கன்னத்தில் விழுந்தது.

முன்பு அடித்ததற்கெல்லாம் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இதற்கு எதுவும் இல்லை.

இல்யாஸ் உடனே அடங்கினான். தானே டாக்சிக்குள் ஏறி, ஓரமாக உட்கார்ந்து, முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டான். யோகா திரும்பி நடந்தாள். "ஃபிளைட்டுக்கு நேரமாச்சு" என்றார் ஜபருல்லா.

ஜகார்த்தாவிலும், அதன் பிறகு மணிலாவிலும் இல்யாஸ் நல்ல பிள்ளையாக வளர்ந்தான். ஓதினான், படித்தான், சொன்ன சொல்லைத் தட்டியதில்லை. இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று விருந்துக்கு வந்தவர்களெல்லாம் சபுராவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் நெய்ச்சோற்றை அள்ளி வைப்பாள். வைத்ததையெல்லாம் அவன் மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போகலாமா என்று அனுமதி கேட்டு நிற்பான்.