வராத கனவுக்கு எந்தக் கட்டம்?

1

இந்தக் கதை எனக்குக் கூலி வேலையில் கிடைத்தது. ஒரு மனநல மையத்துக்காகக் கேள்வித்தாள் ஒன்றை எளிய தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். விபத்து, வன்முறை என்று எதிலாவது சிக்கி நிலைகுலைந்தவர்கள் வாராவாரம் தாங்களே நிரப்புகிற தாள். ‘கடந்த வாரம், அந்தச் சம்பவம் பற்றிய கெட்ட கனவுகள் உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தன?’ பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை. நான்கு என்றால் தாங்க முடியவில்லை. எழுதிக் கொடுத்துக் காசும் வாங்கியாயிற்று. ஆனால் அந்தக் கேள்வியில் பேனாவும் கையுமாக ஒரு பெயின்டர் வந்து உட்கார்ந்துகொண்டார். எழுந்து போவேனா என்கிறார்.

2

முதல் தொடக்கம்: பெயின்டர் சாரத்தின் மேல் நின்றபோது வானம்—

வேண்டாம். வானத்தைக் கூப்பிட்டால் கதைக்குக் கொழுப்பு ஏறிவிடும்.

இரண்டாவது: பெயின்டருக்கு ஒரு மச்சான், தங்கையைக் கட்டியவர். இருவரும் ஒரே சாரத்தில் நின்று பெரிய கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள். மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் ஆறாவது மாடி உயரத்தில் பலகை முறிந்தது. பெயின்டர் கைக்கு ஒரு கம்பி கிடைத்தது, மச்சானுக்குக் கிடைக்கவில்லை.

இது போதும்.

3

அதன் பிறகு கனவு தினமும் வந்தது. பெயின்டர் அலறிக்கொண்டு எழுந்தார். தங்கைதான் கையைப் பிடித்து இழுத்துப் போய் மையத்தில் உட்கார வைத்தாள். “நீயும் இப்படி ஆயிட்டா எனக்கு யாருண்ணே இருக்கா?”

ஆலோசகர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, பொறுமைசாலி. வாரம் ஒரு தாள். மதிப்பெண் மளமளவென்று இறங்கியது. ஏணியைப் பார்த்தால் ஒதுங்கிப் போவது நின்றது, சாப்பாடு தொண்டையில் இறங்கியது. (கேள்வித்தாளைக் கிண்டல் செய்யும் கதை என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த மனிதர் பிழைத்ததே அதனால்தான்.)

கனவும் நின்றது. வினையே அங்கேதான்.

ஏனென்றால் பலகை முறிவது கனவின் கடைசியில். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மச்சான் உயிரோடு இருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பெயின்டர் ஏங்கிப்போனார். கண்ணை இறுக்கி மூடிப் படுத்துப் பார்த்தார். நல்ல தூக்கம்தான் வந்தது.

4

இங்கே எனக்குக் கை ஓடவில்லை. பொய்யாக நான்கு போட வைக்கலாமா? வைத்தால், ஆலோசகர் கனவை விரட்ட இன்னும் பாடுபடுவார். பூஜ்யம் போட்டுச் சிரித்தபடி வீட்டுக்குப் போகிறார் என்று முடிக்கலாமா? எழுதிப் பார்த்தேன். பெயின்டர் என்னை முறைத்த முறைப்பில் அந்த வரியை அடித்துவிட்டேன். கடைசியில் அவரையே பேச விட்டேன்.

“மேடம், இந்த வாரமும் கனவு வரல.”

“ரொம்ப நல்லதுங்க. அப்போ பூஜ்யம் போட்டுடுங்க.”

“வராததுதான் மேடம் தொந்தரவா இருக்கு. அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் அடிக்கிறது?”

ஆலோசகர் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். நான் எழுதிய தாள். அதில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

“இத்தனை நாளா விழுந்ததப் பத்தியே கேட்டுட்டேன். கனவு எப்படி ஆரம்பிக்கும்? சொல்லுங்க.”

5

“பலகையில உக்காந்து சாப்பிடறோம் மேடம். அவன் டப்பாவத் திறக்கறான். மோந்து பார்த்துட்டு மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கறான். ‘மச்சான், உன் தங்கச்சி சமையலச் சாப்பிட்டே உயிரோட இருக்கேன், இனிமே எனக்கு என்ன ஆயிடப் போகுது’ங்கறான்…”

சொல்லும்போதே பெயின்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும் வந்தது. ஆலோசகரும் சிரித்துவிட்டார்.

“அப்புறம்…” என்றார் பெயின்டர்.

அப்புறம் என்ன என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. கதையை முடித்தே தீர வேண்டும் என்கிறவர்கள் பலகையைத் தங்கள் கையாலேயே முறித்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாதவர்கள் இங்கேயே கொஞ்சம் இருங்கள். மச்சான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.