ஆறாவது பாட்டில் ஒரு பிழை

எங்கள் இரண்டாவது ஆல்பம் வெளிவந்த மூன்றே வாரத்தில், அதுவரை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் அதற்கு உரை எழுதக் கிளம்பிவிட்டார்கள். “ஏழின் தாளம் ஆன்மாவின் ஏழு நிலைகளைக் குறிக்கிறது” என்று எழுதினார் ஒரு விமர்சகர். மண்ணாங்கட்டி. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை மடிக்கிற கணக்கு அது. ஒரு முனையில் அம்மா, மறுமுனையில் அங்கே அவளோடு சலவை வேலை பார்க்கும் பெரியக்கா. உதறி, இழுத்து, மடித்து, வாய்விட்டு எண்ணுவார்கள். ஏழு என்றதும் விரிப்பு அடுக்கில் போய் விழும். பள்ளிக்கூடம் விட்டதும் சலவைக்கூட வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். வாய்ப்பாட்டுக்கு முன்பே அந்த எண்ணிக்கைதான் மனப்பாடமானது. எங்கள் டிரம்மருக்கு ஏழு வசப்படாதபோது, போர்வையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இசைக்குழுவில் பாட்டு எழுதுவதும் பேஸ் கிதார் வாசிப்பதும் நான். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவளும் நான்தான். வாங்கிய கையோடு யாரையாவது பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது; மெட்டல் இசையைவிடப் பெரிய சத்தம் கிடைக்கவில்லை. ஆல்பம் முழுக்க சலவைக்கூடத்தில் ஒரே ஒரு ஷிஃப்ட். மேலே வார்டுகளிலிருந்து மூட்டைகள் வந்து விழுவது முதல் பாட்டு. போர்வைக்குள் சிக்கிவரும் மோதிரம், பல்செட், ஒற்றைக் குழந்தை சாக்ஸ் மூன்றாவது. எல்லாரையும் பைத்தியமாக்கியது ஆறாவது: “கொதிநீரில் கரையட்டும் குருதி!” கறுப்புச் சட்டைகளில் அச்சடித்தே விற்றார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் முதல் பெரிய அரங்கு. முன்வரிசையில் ஆறு இருக்கை, அம்மாவுக்கும் அவளோடு வேலை செய்பவர்களுக்கும். வியாழக்கிழமை அம்மா வரமாட்டேன் என்றாள்.

“ஏம்மா?”

“லீவு இல்ல.”

“பொய் சொல்லாத. லீவு எழுதிக் குடுத்தாச்சுன்னு பெரியக்கா சொன்னாங்க.”

கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். “ரத்தத்தக் கொதிக்கிற தண்ணியில போட்டா என்னடி ஆகும்?”

“போகும்.”

“எங்க போகும்? துணியோட வெந்து அங்கயே உக்காந்துக்கும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்க முடியாது. ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணி. புதுசா வர்றவளுக்கு மொத நாளே சொல்றது. உன் பாட்ட அங்க போட்டுக் கேட்டோம். எல்லாரும் என்னையத் திரும்பிப் பாக்குறாங்க. ‘உன் மக உங்கிட்டக் கத்துக்கிட்டது இதானா’ன்னா பெரியக்கா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. எனக்குத்தான் சிரிப்பு வரல.”

“என்னை எப்ப ஒரு துணியத் தொடவிட்ட நீ? என்னோட துணியக்கூடப் பிடுங்கிட்டுப் போயி நீயேதான துவைப்ப!”

“படிக்கிற பிள்ளைன்னு துவைச்சேன். இப்பவும் துவைப்பேன். எழுதுறப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பக்கத்து ரூம்லதான இருந்தேன்?”

விமர்சகர்களை மண்ணாங்கட்டி என்று திட்டியவள் நான். அவர்களாவது சலவைக்கூடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

மறுநாள் ஒத்திகையில் வரியை மாற்ற வேண்டும் என்றதும் பாடகன் எகிறினான். “சட்டையெல்லாம் அடிச்சாச்சு! ஊரே இதத்தான் பாடுது.”

“ஊரு தப்பாப் பாடுது.”

“பச்சைத் தண்ணின்னு எப்படி உறுமுறது? தாகத்துக்குக் கேக்குற மாதிரி இருக்கு.”

டிரம்மர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். “ஒரு தட்டு கூடுதே…” என்றவன் முகம் மலர்ந்தது. “அப்ப அந்த வரி மட்டும் எட்டு!” தாளத்தைச் சிக்கலாக்கச் சொன்னால் போதும், இவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பாடகன் மூன்று தடவை உறுமிப் பார்த்தான். மூன்றாவதில் அவனுக்கே பிடித்துப்போனது. ஒத்துக்கொள்ளாமல் தண்ணீர் குடிக்கப் போனான்.

மாற்றிவிட்டோம் என்று அம்மாவிடம் சொன்னேன். “பாக்கலாம்” என்றாள்.

சனிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவது இருக்கையில் பெரியக்காவின் பை. ஐந்தாவது பாட்டு முடியும்போது பக்கவாட்டுக் கதவு திறந்து அம்மா உள்ளே வந்தாள். உட்காரவில்லை. இருக்கைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, சலவைக்கூடத்தில் புது ஆளைக் கவனிப்பதுபோல நின்றாள்.

“பச்சைத் தண்ணியில் கரையட்டும் குருதி!”

கூட்டம் பழையபடி “கொதிநீரில்” என்று கத்தியது. கூடுதல் தட்டில் இடறி, அரங்கமே ஒரு கணம் தடுமாறியது. அம்மா விருட்டென்று பின்னால் திரும்பினாள். அங்கே தோள்வரை முடி வளர்த்த ஒரு தடியன். அவனைப் பார்த்து, இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். வாயை அகலமாகத் திறந்து திருத்திச் சொன்னாள். அவன் குனிந்து தன் சட்டையிலிருந்த வரியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தலையாட்டினான்.

அடுத்த சுற்றில் அவன் சரியாகக் கத்தினான். அவனைப் பார்த்து அந்த வரிசையும் கத்தியது. அதற்கடுத்த சுற்றில் நான்கு வரிசை.

அம்மா பெரியக்காவிடம் குனிந்து ஏதோ சொன்னாள். பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.