தொப்பிக்காரனும் அப்பாவின் மேசையும்

சனிக்கிழமை மதியம் அந்த வீட்டுக்குப் போனால் அக்காவும் தம்பியும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு முக்காலிகளைத் தோளோடு தோள் இடிக்கப் போட்டுக்கொண்டு, ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் கை வைத்து, திரையில் ஓடும் தொப்பிக்காரனைக் கோட்டைக்குள் கூட்டிப்போய்க்கொண்டிருப்பார்கள். அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பிக்கு நாற்பது, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. வயதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் பத்துக்கு மேல் மதிக்க முடியாது.

அது ஒருவர் மட்டும் ஆட வேண்டிய விளையாட்டு. சின்ன வயதில் நீயா நானா என்று தலைமயிரைப் பிடித்துக்கொண்ட பிறகு, ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். கீபோர்டின் இடப்பக்கம் அக்காவுடையது; தொப்பிக்காரனை நடக்க வைப்பது அவள். வலப்பக்கம் தம்பியுடையது, குதிக்க வைப்பது அவன். உலகத்தில் வேறு யாரும் அதை அப்படி ஆடியிருக்க மாட்டார்கள். ஒருவர் நடக்க வைக்கும்போது இன்னொருவர் குதிக்க வைக்க வேண்டும் என்றால், இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு இருக்க வேண்டும் அல்லவா?

"நட, நட, நட... நில்லு!"

"விழுந்தப்புறம் நில்லுன்னா என்னடா அர்த்தம்? முன்னாடி சொல்லு."

"நீ பிரேக் இல்லாத வண்டிக்கா. எப்ப சொன்னாலும் பள்ளத்துலதான் போய் நிப்ப."

கோட்டைக்கு ஏழு கதவுகள். அந்தக் காலத்தில் ஆறு கதவுகளைத் தாண்டி ஏழாவதை நெருங்கியபோதுதான் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் பட்டென்று அணைந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஏழாம் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே இரண்டு பேரும் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய்விட்டார்கள். "பொக்கிஷம்" என்பாள் அக்கா. "ராட்சசன்" என்பான் தம்பி. கல்யாண வீடுகளில் சந்தித்துக்கொண்டால்கூட அந்தச் சண்டை முடியாது.

இந்த வருஷம் அதே விளையாட்டு புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்தது. தொப்பிக்காரனின் தொப்பியில் நூல் நூலாகத் தெரிகிறது, தீப்பந்தத்தின் வெளிச்சம் சுவரில் ஆடுகிறது. அதை ஓட்டச் சாதாரணக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு போதாது. தம்பி கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினான். வாங்கப் போகும்போது என்ன செய்தான் தெரியுமா? டேப்பை எடுத்து, அப்பா செய்த மேசையின் கீழ் அறையை அளந்துகொண்டு போனான். கடைக்காரர் எதைக் காட்டினாலும், "இது உள்ள போகுமா?" என்பதுதான் அவனுடைய ஒரே கேள்வி. போகிற பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்தான்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா தச்சர். ஊரில் பாதிக் கதவுகள் அவர் கைபட்டவை. ஆனால் சொந்த வீட்டில் நாற்காலிக்குக் கீழே அட்டையை மடித்துச் சொருகியிருக்கும். வீட்டுக்கென்று அவர் செய்த ஒரே சாமான் அந்த மேசை. பழைய கம்ப்யூட்டர் வந்தபோது, பிள்ளைகளை இரண்டு பக்கமும் பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து செய்தார். கீழே பெட்டி வைக்க ஓர் அறை, அதற்கு ஒரு கதவு. பெட்டிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. நூல் என்றால் தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "எறும்பு போகலாம், அதோட பொண்டாட்டி போக முடியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

புதுப் பெட்டியும் அதே அறைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகுதான் வந்தது வினை. ஆட ஆரம்பித்து இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் திரை கறுத்து, பெட்டி தானாக அணைந்துவிடும். ஆட்டமோ ஒவ்வொரு கதவிலும்தான் தன்னைச் சேமித்துக்கொள்ளும். முதல் ஆறு கதவுகள் கிட்டக் கிட்ட இருந்ததால் எப்படியோ தாண்டிவிட்டார்கள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே அரை மணி நேர நடை. பாதி வழியிலேயே கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டால் தொப்பிக்காரன் எங்கே போவான்?

அக்காவுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்திருந்தது. அவளிடம் மிச்சமிருந்தவை மூன்று சனிக்கிழமைகள். மூன்றாவது சனிக்கிழமை ஐந்து மணிக்கு வண்டி வந்துவிடும். தூரத்திலிருந்து ஆடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு கீபோர்டில் ஆளுக்குப் பாதிக் கை வைத்து ஆடுவதை எந்தக் கம்பியில் அனுப்புவது?

தம்பி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தான். கிராபிக்ஸ் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். உள்ளே இருந்த இரண்டு மெமரித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளையை மாற்றினான். கடைசியில் பெட்டியை வெளியே உருவி மெக்கானிக்கிடம் கொடுத்தான். அவரைத் தெருவே 'பெட்டி டாக்டர்' என்றுதான் கூப்பிடும்.

பெட்டி டாக்டர் மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். "தம்பி, இதுக்கு ஒரு நோயும் இல்ல. மூணு மணி நேரம் விடாம ஓட்டிப் பாத்தேன். சூடு பாத்தேன், அளவாத்தான் இருக்கு. எங்கிட்ட சமத்தா இருக்கு, உங்க வீட்டுக்கு வந்தாத்தான் அடம் பிடிக்குது. மாமியார் வீடுன்னு நினைச்சுக்கிச்சோ என்னவோ."

"அப்ப நான்தான் மாமியாரா?" என்றாள் சமையலறையிலிருந்து அம்மா.

"ஐயோ, உங்களைச் சொல்வேனாம்மா!" பெட்டி டாக்டர் தேநீரைக்கூடக் குடிக்காமல் நழுவினார்.

பெட்டியை மறுபடி மேசைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, ஆட உட்கார்ந்தார்கள். இருபத்து நான்காம் நிமிஷம், பட்.

அக்கா நர்ஸ் அல்லவா? இரண்டாவது சனிக்கிழமை ஒரு நோட்டை எடுத்து, நோயாளியின் காய்ச்சலைக் குறிப்பதுபோல் எழுத ஆரம்பித்தாள். பழைய கணக்கையும் தம்பியிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். ஆரம்பம் இரண்டு ஐந்து, போனது இரண்டு இருபத்தொன்பது. மறுபடி ஆரம்பம் இரண்டு முப்பத்தைந்து, போனது இரண்டு ஐம்பது. ஒரே ஒரு நாள் மட்டும் ஐம்பத்திரண்டு நிமிஷம் ஓடியிருந்தது. அன்றைக்குப் பார்த்து இரண்டு முறை பள்ளத்தில் விழுந்து காலத்தை வீணாக்கியிருந்தார்கள்.

"அன்னிக்கு என்னடா விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா. அப்பா முழங்காலைக் காட்ட டாக்டர்கிட்ட போயிருந்தார்."

"அப்பா வீட்ல இல்லாத அன்னிக்கு மட்டும் ஏன் நல்லா ஓடுது?"

"அதுக்கும் அப்பான்னா பயம்போல."

சிரித்துக்கொண்டே திரும்பினாள் அக்கா. அந்த நேரம்தான் அப்பா அறையைக் கடந்து போனார். மேசையின் கீழ்க் கதவு விரலளவு திறந்திருந்தது. நடையை நிறுத்தாமல், கால் கட்டைவிரலால் அதை ஒரு தட்டுத் தட்டிச் சாத்திவிட்டு, "கதவுன்னா மூடறதுக்குத்தான் செஞ்சது" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். முப்பது வருஷமாக அப்படித்தான் போகிறார். அதனால் யாரும் கவனித்ததே இல்லை.

அவர் தலை மறைந்ததும் அக்கா கதவைத் திறந்து உள்ளே கையை விட்டாள். எத்தனையோ நெற்றிகளைத் தொட்ட கை. வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில நல்லா இருக்கிற ஆளுக்கு வீட்டுக்குப் போனதும் காய்ச்சல் வந்தா, வீட்டைத்தான்டா பாக்கணும். மூச்சுவிட இடமில்லாம இது தன் சூட்டுலயே வேகுது. அப்பா இல்லாத அன்னிக்குக் கதவு திறந்தே கிடந்திருக்கும், அதான் ஓடியிருக்கு. யாரு பாத்தாலும் வெளிய எடுத்துத்தானே பாத்தாங்க?"

தம்பிக்குப் புரிந்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது. "யாரு அவர்கிட்ட சொல்றது? நீ சொல்லு. நீதான் செல்லம்."

"ஊரைவிட்டுப் போற நேரத்துல, உங்க மேசை சரியில்லப்பான்னு சொல்லிட்டுப் போகச் சொல்றியா? போடா."

சொல்லவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, அப்பா வழக்கம்போல் மரக்கடைக்குப் பேசப் போனதும், திருடர்கள் மாதிரி பெட்டியை வெளியே உருவித் தரையில் வைத்தார்கள். தொப்பிக்காரன் ஆறாம் கதவிலிருந்து புறப்பட்டான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மரக்கடை அன்றைக்குப் பூட்டியிருந்ததாம். வாசலில் செருப்புச் சத்தம்.

"அது ஏன் தரையில கிடக்கு?"

"காத்தாட இருக்கட்டும்னு..." என்று இழுத்தான் தம்பி.

"ஏன், என் மேசையில முள்ளு இருக்கா?"

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டு உடைத்தாள். "உங்க மேசைக்குள்ள அதுக்கு மூச்சு முட்டுதாம். ஒரு வாரமா ரெண்டும் உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டுத் தவிக்குதுங்க. போதுமா?"

அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தார். வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததுபோல் சூடான காற்று கையில் அடித்தது. அதே கையை ஒரு நூல் இடைவெளி விட்ட அந்த அறைக்குள் நீட்டிப் பலகையைத் தடவினார். நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப, அந்தப் பழைய பெட்டி செத்துச்சே... அதுவும் இதனாலதானா?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. அன்றைக்கு இரண்டு குழந்தைகள் அந்தக் கறுத்த திரையின் முன்னால் அழுது தீர்த்ததும், அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் மேசையின் கதவைத் திறந்து திறந்து பார்த்ததும் தம்பியின் கண்முன் வந்தது.

அக்காதான் பேசினாள். இருபது வருஷமாக வார்டு வாசலில் நின்று எத்தனையோ குடும்பங்களிடம் பேசிய குரல். "அது நம்ம வீட்டுக்கு வர்றப்பவே கிழம்பா. அதோட கடைசி காலத்துல நாமதான் ராஜா மாதிரி வெச்சிருந்தோம். யாருக்கு வாய்ச்சுது அந்த மாதிரி மேசை?"

அப்பா அவளையே பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. "எவ்வளவு இடம் வேணும்?" என்றார்.

"பின்னாடி ஒரு ஓட்டை போட்டாப் போதும்ப்பா" என்றான் தம்பி. "அதுகூட அப்புறம் பாத்துக்கலாம், இப்ப தரையிலயே..."

"ஓட்டையா? எலி போடும் ஓட்டை. நான் தச்சன். அந்த டிவி மாதிரி இருக்கறதை மேசையிலேருந்து இறக்கு."

அவ்வளவுதான். திரையும் கீபோர்டும் கட்டிலுக்குப் போயின, தொப்பிக்காரன் பாதி வழியில் மறைந்தான், மேசை நடுக்கூடத்துக்கு வந்தது. அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பின்பலகையில் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். கடிகாரம் இரண்டு அடித்தது. மூன்று அடித்தது.

"அப்பா, சீக்கிரம்ப்பா. அஞ்சு மணிக்கு வண்டி."

"ஆடாம பிடி. அன்னிக்கும் நீதான் ஆட்டினே, அந்த மூலையில பாரு, இன்னும் தெரியுது."

அக்கா குனிந்து பார்த்தாள். மூலையில் ரம்பம் சறுக்கிய ஒரு கோடு நிஜமாகவே இருந்தது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். கடிகாரத்தைப் பிறகு இரண்டு பேரும் கேட்கவில்லை.

பின்பலகை முழுவதும் ஜன்னல் கம்பிபோல் நீள நீளமான வெட்டுகள். முன்கதவைக் கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். உப்புத்தாளைப் போட்டு ஒவ்வொரு வெட்டின் விளிம்பையும் தேய்க்க ஆரம்பித்தபோது அம்மா வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள். மணி நாலு இருபத்தைந்து.

பெட்டியை மேசைக்குள் தள்ளிவிட்டு, மரத்தூள் ஒட்டிய விரல்களோடு உட்கார்ந்தார்கள். நடப்பது அக்கா, குதிப்பது தம்பி. அப்பா நாற்காலியை இழுத்து அவர்களுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். இருபதாவது நிமிஷம் அக்காவின் விரல்கள் தானாக இறுகின. இருபத்தைந்தாவது நிமிஷம் தம்பி மூச்சை அடக்கிக்கொண்டான். பெட்டி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டு ஓடியது.

"நட, நட... இப்ப மெதுவா..."

"தெரியும்டா. குதி!"

குதித்தான். ஏழாம் கதவு நரநரவென்று திறந்தது. வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது.

கதவுக்குப் பின்னால் பொக்கிஷமும் இல்லை, ராட்சசனும் இல்லை. வெறும் வெளிச்சம். தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் நடந்து போனான். இருட்டான திரையில் கீழிருந்து மேலாகப் பெயர்கள் ஏற ஆரம்பித்தன.

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"அவ்வளவுதான்ப்பா."

"யாரு இவங்கெல்லாம்?"

"இதைச் செஞ்சவங்க."

"இத்தனை பேரா?" அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

ஹாரன் மறுபடி கேட்டது. அக்கா இடப்பக்கத்திலிருந்து கையை எடுக்கவில்லை. தம்பி வலப்பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. இனி நடக்கவும் குதிக்கவும் ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அப்பா இரண்டு முதுகுகளையும் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். அவர் வண்டிக்காரரிடம் சத்தமாகச் சொல்வது உள்ளே கேட்டது.

"கொஞ்சம் இருப்பா. வருவா. இன்னும் பேரு ஓடிட்டிருக்கு."